மாற்று சென்டரின் பிழைப்பு

உங்கள் தம்பி 6 அடி 7 அங்குல உயரம், பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, அணியின் முதல் சென்டர் (கூடைக்கடியில் நின்று ஆடும் உயரமான ஆட்டக்காரர்) களைத்துப்போனாலோ ஃபவுலில், அதாவது விதிமீறலில், சிக்கினாலோ மட்டும் களத்தில் இறக்கப்படுகிறான், அப்படியிருந்தும் கூடைப்பந்தைத்தான் தொழிலாகக் கொள்வேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அம்பாசமுத்திரத்தில் உங்கள் மாமா, "பெஞ்சுல உக்காரதுக்கா இம்புட்டு முட்டையும் பாலும்?" என்று கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். உலகத் தொழில்முறை அணிகளில் இப்படிப்பட்ட ஆட்டக்காரருடைய வாழ்க்கை எப்படிப் போகும், அவருக்கு என்ன கிடைக்கும், நம் பக்கத்துப் பையனுக்கு அதில் ஏதாவது வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். நெல்லை மாவட்டப் போட்டிகளில் நீண்ட காலம் ஆட்டக்காரனாகவும் பிறகு நடுவராகவும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய லீக்குகளில் மாற்று சென்டர் என்பது முதல் சென்டர் ஆக முடியாதவனுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசு அல்ல. அதற்கென்று தனித் தேவையும் தனித் திறமையும் தனிச் சந்தையும் கொண்ட ஒரு வேலை. இந்தியாவில் அந்த வேலைக்கு நிலையான லீக் இல்லை. ஆனால் ரயில்வே, வங்கி, காவல்துறை போன்ற துறை அணிகளின் வழியாக அதே திறமைக்கு ஒரு நிரந்தரச் சம்பளம் கிடைக்கும் பாதை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவில் ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக 48 நிமிடம். சர்வதேச விதிகளின்படியும் நம் நாட்டிலும் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக 40 நிமிடம். எவ்வளவு பெரிய சென்டராக இருந்தாலும் முழு ஆட்டத்தையும் ஆட முடியாது. கூடைக்கடியில் ஒவ்வொரு முறையும் மோதி, எழும்பி, மறுமுனைக்கு ஓடித் திரும்பும் உடல் அது. ஒரு முதல்தரச் சென்டர் 30 முதல் 34 நிமிடங்கள் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 14 முதல் 18 நிமிடங்களுக்கு யாரோ ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அந்த நேரம் ஒரே மூச்சாக வருவதும் இல்லை. வழக்கமாக முதல் கால்பகுதியின் கடைசியில் இறங்கி இரண்டாம் கால்பகுதியின் நடுவில் வெளியேறுவது, பிறகு இடைவேளை முடிந்து நெடுநேரம் உட்கார்ந்து உடல் குளிர்ந்த நிலையில் மூன்றாம் கால்பகுதியின் இறுதியில் மீண்டும் இறங்குவது என்று துண்டு துண்டாக வரும். முதல் சென்டர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் கணக்கு முழுதும் மாறிவிடும். ஐந்தாம் நிமிடத்திலேயே கூப்பிடுவார்கள்.

அந்த நிமிடங்களில் பயிற்சியாளர் எதிர்பார்ப்பது புள்ளிகளை அல்ல. இரண்டாம் சென்டர் களத்தில் நின்ற 14 நிமிடங்களில் நம் அணி 27 புள்ளியும் எதிரணி 26 புள்ளியும் எடுத்தன என்றால், அவர் சொந்தமாக இரண்டே புள்ளிகள் எடுத்திருந்தாலும் அன்றைய வேலை நன்றாக முடிந்தது என்று பொருள். அவரே 8 புள்ளிகள் எடுத்து, அதே நேரத்தில் எதிரணி 11 புள்ளி முன்னே போய்விட்டால், மறுநாள் மூன்றாம் சென்டரின் பெயர் பேசப்படும். இதற்காகவே, ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்தபோது அணியின் புள்ளி வித்தியாசம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். ஒரே ஓர் ஆட்டத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றும். ஒரு பருவம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பெருமளவுக்கு உண்மையைச் சொல்லும்.

நம் ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். புலவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பக்கப்பாட்டுக்காரர் அடியை எடுத்துக்கொள்வார். அவர் குரல் புலவர் குரலுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் அந்த இடைவெளியில் கதை கீழே விழுந்துவிடக் கூடாது. மாற்று சென்டரின் வேலை ஏறக்குறைய அதுதான்.

கதை விழாமல் பிடிப்பதற்கு அவர் செய்வன பெரும்பாலும் புள்ளிப் பட்டியலில் ஏறாதவை. பந்தை நடத்திச் செல்லும் கார்டுக்கு ஸ்கிரீன் போட வேண்டும், அதாவது அவரைத் துரத்தும் எதிரியின் வழியில் குறுக்கே நின்று மறிக்க வேண்டும். அதை அசையாமல், தோள் அகலத்துக்கு மேல் காலை விரிக்காமல் போட வேண்டும், இல்லையென்றால் நானே விசில் ஊதியிருப்பேன். ஸ்கிரீன் போட்ட மறுகணம் கூடையை நோக்கி ஓட வேண்டும். பந்து தனக்கு வராது என்று தெரிந்தாலும் ஓட வேண்டும், ஏனென்றால் அந்த ஓட்டம்தான் எதிரணியின் தடுப்பாளரை உள்ளே இழுத்து மூலையில் நிற்பவனுக்கு வெட்டவெளியை உண்டாக்குகிறது. எதிரி ஷாட் எடுக்கும்போது பந்தைப் பார்க்காமல் ஆளைத் தேடிப் பாக்ஸ்-அவுட் செய்ய வேண்டும், அதாவது அவனைத் தன் முதுகால் கூடையிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, தன் அணியில் வேறு யாராவது எடுத்தாலும் அது அவருடைய வேலையின் பலனே. தடுப்பில் பின்னால் நிற்பவர் அவர் ஒருவரே என்பதால், முன்னால் நிற்பவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஸ்கிரீன் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்ல வேண்டும். வாய் திறக்காத சென்டர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அரைச் சென்டர்தான் என்பது என் எண்ணம், நம் மாவட்டத்து உயரப் பையன்களில் பலர் கூச்சத்தால் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஃபவுலும் அவருடைய கருவி. என்பிஏவில் ஆறாவது ஃபவுலில் வெளியேற்றம், நம் விதிகளில் ஐந்தாவதில். முதல் சென்டர் தன் ஃபவுல்களைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும். இரண்டாமவருக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. என்பிஏவின் பேருருவச் சென்டர் ஷக்கீல் ஓ'நீல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவரை எதிர்கொள்ள வேண்டிய அணிகள் கூடுதலாக ஒரு பருத்த சென்டரை வைத்துக்கொண்டதற்கு, அந்த ஆளின் கையிலிருந்த ஆறு ஃபவுல்களும் ஒரு காரணம். ஃபவுலுக்கு ஈடாகக் கோட்டில் நின்று தடையின்றி எறியும் ஃப்ரீ த்ரோவில் ஓ'நீல் பலவீனமானவர். எளிதான கூடையைத் தருவதைவிட அவரைக் கோட்டில் நிறுத்துவது லாபம்.

இனி சில வாழ்க்கைகளைப் பார்ப்போம். வில் பெர்டியூ ஏழு அடி உயரம். அணிகள் புதியவர்களை வரிசைப்படி எடுக்கும் ஆண்டுத் தேர்வில் சிகாகோ புல்ஸ் 1988-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் சென்டர் பில் கார்ட்ரைட்டுக்குப் பின்னால் நின்று 1991, 1992, 1993 ஆகிய மூன்று பட்டங்களில் பங்கு பெற்றார். 1995-இல் சிகாகோ, ரீபவுண்டில் பேர்போன டென்னிஸ் ராட்மனைப் பெறுவதற்காக சான் அந்தோனியோவுக்கு அனுப்பிய ஆள் இவர்தான். அந்த ஒப்பந்தத்தை இன்றும் ஒருதலைப்பட்சமானது என்று பேசுவார்கள், புள்ளிவிவரப்படி அது சரியும்கூட. ஆனால் பெர்டியூ சான் அந்தோனியோவில் டேவிட் ராபின்சன், டிம் டங்கன் ஆகியோருக்குப் பின்னால் நின்று 1999-இல் நான்காவது பட்டத்தையும் வாங்கினார். தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்களுக்கு அருகில் பதற்றமோ பொறாமையோ இல்லாமல் ஆடக்கூடியவரைத் தேடித்தான் நல்ல அணிகள் வருகின்றன.

டோனி மாசன்பர்க்கின் கதை நேர்மாறானது. 1990-இல் சான் அந்தோனியோ அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அதன் பிறகு அவர் அணி அணியாக அலைந்தார், இடையில் ஐரோப்பாவிலும் ஆடினார். என்பிஏவில் மட்டும் 12 அணிகளின் சட்டையை அணிந்தார். நெடுங்காலம் சிலரோடு அவர் பகிர்ந்திருந்த சாதனை அது. கடைசியில் 2005-இல், தன்னை முதலில் எடுத்த சான் அந்தோனியோ அணியிலேயே பட்டமும் பெற்றார். இப்படி எழுதும்போது அழகாகத் தெரிகிறது. வீடு மாற்றுவது, பிள்ளைகளின் பள்ளி மாற்றுவது, ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் வருமா என்று கோடை முழுவதும் காத்திருப்பது ஆகியவையும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலான மாற்று சென்டர்களின் வாழ்க்கை பெர்டியூவைவிட மாசன்பர்க்குக்கே நெருக்கமானது.

உடோனிஸ் ஹாஸ்லம் 2002-இல் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர் பிரான்சில் ஒரு பருவம் ஆடி, உடல் எடையைக் குறைத்துக்கொண்டு, 2003-இல் தன் சொந்த ஊரான மயாமியின் அணிக்கு வந்து, 20 பருவங்கள் அங்கேயே இருந்தார். 6 அடி 8 அங்குலம்தான், உங்கள் தம்பியைவிட ஓர் அங்குலம் கூடுதல். முதல் ஆண்டுகளில் தொடக்க ஐவரில் ஒருவராகவும் பிறகு மாற்று ஆட்டக்காரராகவும் ஆடி 2006, 2012, 2013 ஆகிய பட்டங்களில் பங்கு பெற்றார். ஓய்வு பெற்றபோது மயாமியின் வரலாற்றில் மிக அதிக ரீபவுண்ட் எடுத்தவர் அவரே. கடைசி ஆண்டுகளில் அவர் களத்தில் இறங்கியதே அரிது. உடைமாற்றும் அறையில் நட்சத்திரங்களையும் அதட்டக்கூடிய ஒரு மூத்தவர் வேண்டும் என்பதற்காகவே அணி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 2023 இறுதிச் சுற்றில் 42 வயதில் சில விநாடிகள் இறங்கி, இறுதிச் சுற்றில் ஆடிய மிக மூத்தவர் ஆனார். 2024 ஜனவரியில் அவருடைய 40ஆம் எண் சட்டைக்கு அணி ஓய்வு கொடுத்தது, அதாவது அந்த எண்ணை இனி அங்கே வேறு யாருக்கும் தராது.

நாஸ் ரீடையும் 2019-இல் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மினசோட்டா அவரை இருவழி ஒப்பந்தத்தில், அதாவது முதன்மை அணிக்கும் அதன் கீழ்நிலை அணிக்கும் மாறி மாறி அனுப்பக்கூடிய ஒப்பந்தத்தில், சேர்த்துக்கொண்டது. கார்ல்-அந்தோனி டவுன்ஸ், ருடி கோபேர் என்று இரண்டு பெரிய சென்டர்கள் இருந்த அணியில் மூன்றாவது உயர ஆட்டக்காரராக நின்று, 2024-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரருக்கான விருதைப் பெற்றார். அந்த விருது 1983 முதல் கொடுக்கப்படுகிறது. அதை முதலில் வாங்கிய பாபி ஜோன்ஸும் உயர ஆட்டக்காரரே. பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவனுக்கென்று ஒரு விருதே இருக்கிறது என்பதை உங்கள் மாமாவிடம் சொல்லலாம், அவர் நம்புவது வேறு விஷயம்.

பிரையன் ஸ்கலபிரினியையும் குறிப்பிட வேண்டும். பாஸ்டன் அணியின் 2008 பட்டத்தில் பெஞ்சில் இருந்தவர், ரசிகர்களின் கேலிக்கும் பாசத்துக்கும் ஒருசேர ஆளானவர். ஓய்வுக்குப் பிறகு 2013-இல், "உன்னை நாங்களே ஜெயிப்போம்" என்று சொன்ன பாஸ்டன் பகுதி ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்கு அழைத்து, நால்வரையும் ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்தார். என்பிஏ பெஞ்சின் கடைசி இருக்கைக்கும் வெளியே இருக்கும் நல்ல ஆட்டக்காரனுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. இப்போது அவர் பாஸ்டன் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி வருணனையாளர்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு என்பிஏ அணியில் 15 முழு ஒப்பந்தங்கள், இப்போது மூன்று இருவழி ஒப்பந்தங்கள். 2023-24 பருவத்தில் புதியவருக்கான குறைந்தபட்ச ஊதியம் சுமார் 11 லட்சம் டாலர். இருவழி ஒப்பந்தத்துக்கு அதில் பாதி. அதற்குக் கீழே, என்பிஏவின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் அப்போது ஒரு பருவத்துக்குச் சுமார் 40,000 டாலர் மட்டுமே. ஒரே படி இறங்கினால் வருமானம் எவ்வளவு சரிகிறது என்று கவனியுங்கள்; 15ஆவது இருக்கைக்காக நடக்கும் போட்டியின் கொடுமை அங்கிருந்து வருகிறது. ஜனவரி தொடக்கத்திலிருந்து பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்றும் உண்டு. ஒருவருக்கு ஓர் அணி ஒரு பருவத்தில் அதை இரண்டு முறைக்கு மேல் கொடுக்க முடியாது, பிறகு பருவ இறுதிவரை வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது அனுப்பிவிட வேண்டும். அனுபவம் கூடக் கூடக் குறைந்தபட்ச ஊதியமும் கூடும் என்பதால், விலை அதிகம் என்று மூத்தவர்களை அணிகள் ஒதுக்கிவிடாதிருக்க, ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தங்களில் ஒரு பகுதியை லீக்கே ஏற்றுக்கொள்கிறது. மூன்று பருவங்கள் முடித்தால் ஓய்வூதிய உரிமை வருகிறது. மாற்று ஆட்டக்காரர்கள் மூன்றாம் பருவத்தை எட்டுவதற்குப் படும் பாட்டை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

திறமையோடு நேரமும் கூட வேண்டும் என்பதற்குச் சென்டர் டிமோஃபி மோஸ்கோவ் உதாரணம். கிளீவ்லாந்து 2016-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தும் அந்த இறுதிச் சுற்றில் அவர் ஆடியது மிகச் சொற்பம். அதே கோடையில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள உச்சவரம்பு சுமார் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. கையில் பணம் இருந்தும் செலவழிக்க ஆள் இல்லாத நிலையில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தது. ஒரே ஆண்டில் வேறு அணிக்கு மாற்றியும்விட்டது. அடுத்த கோடையில் அவர் சந்தைக்கு வந்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

ஆட்டம் மாறியதும் இதோடு சேர்ந்தது. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டுகள் பெருகப் பெருக, கூடைக்கடியில் மட்டும் நிற்கத் தெரிந்த இரண்டாம் சென்டருக்கு இடம் சுருங்கியது. 2015 இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட், தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு உயரம் குறைந்த ஆண்ட்ரே இகுவடாலாவை இறக்கிப் பட்டத்தையும் வென்றபோது, இனி உயரமானவர்களே தேவையில்லை என்று பலர் எழுதினார்கள். அப்படி ஆகவில்லை, 2023-இல் சென்டர் நிகோலா யோகிச்சை மையமாகக் கொண்ட டென்வர் பட்டம் வென்றது. ஆனால் இரண்டாம் சென்டரிடம் கேட்கப்படும் திறமை நிரந்தரமாக மாறிவிட்டது. வெளியே வந்து கார்டைத் தடுக்கத் தெரிய வேண்டும், மூலையிலிருந்து ஷாட் விழ வேண்டும், ஸ்கிரீனுக்குப் பிறகு பந்து கைக்கு வந்தால் அரை நொடியில் அடுத்தவனுக்குக் கொடுக்கத் தெரிய வேண்டும்.

இந்தியர்கள் இந்த வாசல் வரை போயிருக்கிறார்கள். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-இல் டாலஸ் அணி 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். 7 அடி 2 அங்குல உயரம் இருந்தும் ஒரு வழக்கமான பருவ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. அதே ஆண்டில் கனடாவில் பிறந்த சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், சாக்ரமெண்டோவில் பத்து நாள் ஒப்பந்தத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடினார். உயரம் ஆளைக் கூப்பிட வைக்கும், நிமிடம் வாங்கித் தராது. உங்கள் தம்பியின் உயரத்தில் அமெரிக்காவில் நிற்பவர்கள் பெரும்பாலும் சென்டர்களே அல்ல, கூடையிலிருந்து சற்று விலகியும் ஆடும் ஃபார்வர்டுகள். ஆகவே அந்தக் கனவை அடக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன்மேல் வீட்டுக் கணக்கைப் போட வேண்டாம்.

உள்நாட்டு லீக்குகள் வந்து வந்து போகின்றன. 2015-இல் தொடங்கிய யுபிஏ லீக்கில் சென்னைக்கும் அணி இருந்தது. 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. பின்னர் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் ஆதரவில் ஐஎன்பிஎல் என்ற லீக் வந்தது. இவற்றில் ஆடினால் அனுபவமும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். அவற்றை நம்பித் திருமணம் பேச முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆசிய லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடத்தை அணிகள் பெரும்பாலும் உயரமானவர்களைக் கொண்டே நிரப்புகின்றன. ஆகவே உள்ளூர்ச் சென்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே மாற்று சென்டர்தான். இந்த வேலையை இப்போதே ஒழுங்காகக் கற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டுக் கூடைப்பந்தின் முதுகெலும்பு துறை அணிகள். தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை, வடக்கே ஓஎன்ஜிசி, முப்படைகள் என்று பட்டியல் நீளும். இந்தியப் பெண்கள் அணியின் சென்டராக நின்ற கீது அன்னா ஜோஸும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தபடியே ஆடியவர்கள். இந்தப் பாதையில் மாற்று ஆட்டக்காரருக்கு ஒரு பெரும் சலுகை உண்டு, அதை நம் பக்கத்துப் பெற்றோர்கள் கவனிப்பதே இல்லை. சர்வதேச விதிப்படி அணிக்கு 12 பேர். மாநில அணி தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினால், 38 நிமிடம் ஆடியவனுக்கும் 6 நிமிடம் ஆடியவனுக்கும் ஒரே சான்றிதழ். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள ஒதுக்கீட்டுக்கான படிவங்களில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளி அளவுக்குப் படிவம் 4. எத்தனை நிமிடம் ஆடினான் என்று அந்தப் படிவங்களில் எங்கும் கேட்பதில்லை.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. ரயில்வேயின் நேரடி விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 50 சாதனைகளுக்கு, 40 களத்தில் காட்டும் திறமை, உடல் தகுதி, பயிற்சியாளரின் மதிப்பீடு ஆகியவற்றுக்கு, 10 கல்வித் தகுதிக்கு. வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆகவே தம்பி பட்டப்படிப்பை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. அவனுடைய உடனடி இலக்கு கல்லூரி அணியின் முதல் சென்டர் ஆவது அல்ல. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியின் 12 பேரில் ஒருவனாகித் தென்மண்டலப் போட்டிக்குப் போவது, அடுத்து மாநில அணியின் தேர்வு முகாமுக்கு அழைப்பு வாங்குவது. அந்த முகாமில் எல்லா மாவட்டங்களின் முதல் சென்டர்களும் வந்து நிற்பார்கள், எல்லோரும் புள்ளி எடுத்துக் காட்டவே முயல்வார்கள்; நன்றாக ஸ்கிரீன் போட்டு, உரக்கப் பேசி, பாக்ஸ்-அவுட் செய்பவன் அங்கே தனியாகத் தெரிவான்.

உடம்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலான ஆடுகளங்கள் வெட்டவெளிச் சிமெண்ட் தளங்கள். அவ்வளவு உயரமும் எடையும் கொண்ட பையன் அதில் தினமும் எழும்பிக் குதித்தால் முழங்கால் சீக்கிரமே கெட்டுவிடக்கூடும். எழும்பும் பயிற்சிகளை மண்ணிலோ புல்லிலோ செய்யட்டும், சிமெண்டில் ஷாட்டும் நகர்வும் மட்டும் போதும். காலுக்குப் பொருந்தும் ஷூ திருநெல்வேலிக் கடைகளில் கிடைப்பது கடினம், வாங்கும்போதே இரண்டு ஜோடி வாங்கிவைத்து மாற்றி மாற்றி அணியட்டும். ஒரு எண் சிறிய ஷூவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடி நகம் கருத்துப்போன உயரப் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிம்மில் யாராவது கொடுக்கும் பொடியை வாங்கித் தின்ன வேண்டாம். தேசியப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை உண்டு, அறியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே செல்லாது. முட்டையும் பாலும் தாராளமாகத் தொடரட்டும், மாமாவின் கணக்கில் குறை இருப்பது அங்கே இல்லை.

பயிற்சியில் முதலில் ஃப்ரீ த்ரோ. குறைந்த நேரமே ஆடுகிறவனை எதிரணி வேண்டுமென்றே கோட்டில் நிறுத்தும். பத்தில் ஏழு விழாவிட்டால் பயிற்சியாளர் கடைசி நிமிடங்களில் அவனை நம்பமாட்டார். அதை உடம்பு சூடாக இருக்கும்போது மட்டும் போட்டுப் பழகினால் பயனில்லை. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து நேராகக் கோட்டுக்குப் போய் இரண்டு போட வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். அலுப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் அவன் ஆட்டத்தில் சந்திக்கப்போவது அந்த நிலையைத்தான். பெஞ்சில் இருக்கும்போது எதிரணிச் சென்டர் எந்தத் தோள்பக்கம் திரும்புகிறார், எத்தனை ஃபவுல் வாங்கியிருக்கிறார், நடுவர்கள் இன்றைக்கு எவ்வளவு மோதலை அனுமதிக்கிறார்கள் என்பவற்றைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவராக இருந்தவன் சொல்கிறேன்: ஒவ்வொரு நடுவருக்கும் ஓர் அளவு உண்டு, முதல் பத்து நிமிடத்தில் அது தெரிந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு இறங்குகிறவனுக்கு முதல் சென்டருக்கு இல்லாத அனுகூலம் இருக்கிறது.

எந்த இடத்தில் ஆடப் பழகுவது என்றும் கேட்டிருந்தீர்கள். மாநில அளவில் 6 அடி 7 அங்குலம் சென்டருக்குத் தாராளம். தேசியப் போட்டியில் பஞ்சாப் அணியோ முப்படை அணியோ எதிரே வரும்போது அவன் சிறியவனாகிவிடலாம். ஆகவே சென்டருக்கும், அவருக்கு அடுத்த உயர ஆட்டக்காரரான பவர் ஃபார்வர்டுக்கும் இரண்டாம் ஆளாக நிற்கத் தெரிந்தவனாக அவனை வளர்ப்பதே நல்லது. அதற்கு மூலையிலிருந்து மூன்று புள்ளி ஷாட் ஒன்று போதும், எல்லா இடத்திலிருந்தும் தேவையில்லை. வாலிபாலுக்கு மாறச் சொல்லும் யோசனை நம் பக்கத்தில் எல்லா உயரப் பையன்களுக்கும் வருவதுதான். 19 வயதுக்கு மேல் அடிப்படையிலிருந்து தொடங்குவது கடினம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோடையில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய துறை அணிகள் வரும். தம்பியையும் மாமாவையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று ஆட்டங்களில், வங்கி அணியோ ரயில்வே அணியோ எதுவானாலும், தொடக்க ஐவரில் இல்லாத அந்த உயரமான ஆளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எழுந்து மேல்சட்டையைக் கழற்றிப் புள்ளி எழுதுபவரின் மேசைக்கருகே வந்து உட்காரும்போது பலகையில் இருக்கும் புள்ளியையும், திரும்பி வெளியே வரும்போது இருக்கும் புள்ளியையும் மாமாவே ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆளிடம் போய் எந்தத் துறையில் என்ன பதவியில் இருக்கிறார் என்று கேளுங்கள். அவர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள், தேர்வு அறிவிப்பு எந்த மாதம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.